பந்து வாய்க்காலில் விழுந்தால் யார் எடுப்பது

2022 மார்ச்சில் வேலைக்காக நெதர்லாந்து வந்தேன். வீடு கிடைத்து, வங்கிக் கணக்குத் திறந்து, சைக்கிள் வாங்கியதும் தேடிய முதல் விஷயம் கிரிக்கெட் ஆட ஓர் இடம். ஆம்ஸ்டர்டாமுக்குத் தெற்கே, வாய்க்கால்களும் குடியிருப்புகளும் மாறி மாறி வரும் பகுதியில் ஒரு கிளப் இருந்தது. மின்னஞ்சல் அனுப்பினேன். "சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வாருங்கள். அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற உடையில் வாருங்கள்" என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

உடையைப் பற்றி ஏன் எழுதினார்கள் என்பது அங்கே போன பிறகுதான் புரிந்தது. மைதானத்தின் நடுவில் பதினைந்து பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். குளிர்காலம் முழுவதும் அந்த இடம் கால்பந்துத் திடலாக இருந்திருக்கிறது. கிரிக்கெட் பிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் சரளையும் மணலும் இட்டு இறுக்கிய ஒரு நீண்ட தளம் மட்டும் தெரிந்தது. சாமான் அறையிலிருந்து சுருட்டிய மேட்டை, அதாவது பிட்ச்சின் மேல் விரிக்கும் பாயை, எட்டுப் பேர் தோளில் தூக்கி வந்தார்கள். தூண் ஒன்றைச் சுமந்து வருவதுபோல இருந்தது. அதை விரித்து, இரு பக்கமும் ஆள் நின்று இழுத்து, ஓரங்களில் நீண்ட ஆணிகளை அடித்து இறக்க வேண்டும். வெள்ளைத் தலைமுடிக்காரர் ஒருவர் என் கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "இழுவை சரியாக இருக்க வேண்டும். மேட் தளர்ந்தால் பந்து செத்துவிடும்" என்றார். அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து நானும் அடித்தேன். ஒன்பது டிகிரிக் குளிர். ஈரப் புல் முழங்காலை நனைத்தது. பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டது ஆறேழு ஆணிகள் இறங்கிய பிறகுதான்.

அவரை முதலில் 'சார்' என்றுதான் கூப்பிட்டேன். வேண்டாம், பெயரைச் சொல்லுங்கள் என்றார். அந்த வயதுக்காரரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நாக்கு எழவில்லை. இன்றுவரை "கேட்டீர்களா", "பார்த்தீர்களா" என்றே பேச்சைத் தொடங்குகிறேன். கிளப்பின் ஸ்கோரர் அவர்தான்.

மேட் எனக்குப் புதிதல்ல. நம் ஊர்களின் கீழ்மட்ட லீக் ஆட்டங்களில் மேட் விக்கெட்டில் ஆடியிருக்கிறேன். அதை யாரோ விரித்து வைத்திருப்பார்கள், நாங்கள் போய் ஆடிவிட்டு வருவோம். யார் விரித்தார்கள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இங்கே விரித்தது செயற்கை இழை மேட். ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள் ஆடியது தேங்காய் நார்ப் பாயின் மீது. அந்த நாருக்கு ஆங்கிலத்தில் 'காயர்' என்று பெயர். மலையாளத்துக் கயறு, நம் கயிறு. தென்னை வளராத நாட்டில் தென்னை நாரின் மேல் பந்து குத்தி எழுந்திருக்கிறது என்று ஸ்கோரர் சொன்னபோது, கையிலிருந்த சுத்தியலை ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டேன்.

கிரிக்கெட் தானாக நடக்கும் நாட்டில் வளர்ந்தவன் நான். டீக்கடை டி.வி.யில் ஓடும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஸ்கோர் கேட்பார், காலியிடம் கண்டால் யாராவது மூன்று குச்சி நட்டிருப்பார்கள். அந்த ஆட்டம் நடப்பதற்கு நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பார்த்தால் போதும். இங்கே அப்படி இல்லை. இங்கே சனிக்கிழமை ஆட்டம் நடக்க வேண்டுமானால் அதை ஆடுகிறவர்கள்தான் நடத்த வேண்டும். மேட் விரிப்பது, எல்லைக்கோடு வரைவது, ஸ்கோர் எழுதுவது, நடுவராக நிற்பது, சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, கேன்டீனில் காபி ஊற்றுவது, கடைசியில் தரையைத் துடைப்பது எல்லாம் உறுப்பினர்கள். கேன்டீன் முறைக்கு 'பார்டீன்ஸ்ட்' என்று பெயர். சந்தா கட்டுவதோடு வருடத்துக்கு இத்தனை முறை என்று அதுவும் கட்டாயம். வங்கி மேலாளரும் கல்லூரி மாணவரும் ஒரே கழுவுதொட்டியில் கோப்பை கழுவுகிறார்கள். கால்பந்து, ஹாக்கி கிளப்புகளும் இந்த நாட்டில் இப்படித்தான் நடக்கின்றன.

ஆட்டத்துக்கு வருகிறேன். முதல் மாதம் ரன்னே எடுக்கவில்லை. நான் கற்றது பந்து தாழ்ந்து வரும் ஆடுகளங்களில். முன்காலை நீட்டி, பந்தின் மேல் தலையைக் கொண்டுபோய் ஆடுவதே என் வழக்கம். நன்றாக இழுத்துக் கட்டிய மேட்டில் அதே நீளத்துப் பந்து விலா எலும்பு உயரத்துக்கு எழுகிறது. மட்டையின் மேல் விளிம்பில் பட்டுக் காற்றில் போனது ஒருமுறை, கையுறையில் பட்டுக் கீப்பரிடம் போனது மறுமுறை. பின்காலில் ஆடக் கற்றுக்கொள்ள ஜூன் வரை ஆயிற்று. ஆனால் பந்துவீச்சில் கிடைத்த சுகம் வேறு. நான் ஆஃப் ஸ்பின்னர். விரலால் சுழற்றிவிட்ட பந்தை மேட் கவ்விப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. திருப்பத்தோடு எழும்பலும் சேர்ந்துகொள்ளும். மேட்டைக் கிழித்துவிடும் என்பதால் ஆணிக் காலணி கூடாது, ரப்பர் அடிப்பாகம்தான். ஈரப் புல்லில் அதைப் போட்டுக்கொண்டு ஓடும்போது கால் வழுக்கும்.

புல்லைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நான் ஆடி வளர்ந்த மைதானங்களில் தரை கட்டாந்தரை. பாய்ந்து விழுந்து பந்தை நிறுத்த வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். ஒருமுறை விழுந்தவன் மறுமுறை யோசிப்பான். முழங்கையில் தோல் உரிந்து, சட்டை ஒட்டி, இரவில் அதைப் பிய்த்தெடுக்கும் வலி எனக்குத் தெரியும். இங்கே மே மாதத்தில் ஒரு நாள் கவர் திசையில் நின்றிருந்தேன். பந்து இடப்பக்கம் தாழ்வாக வந்தது. யோசிப்பதற்குள் உடம்பு பாய்ந்துவிட்டது. பிடித்தேன். எழுந்து முழங்கையைத் தடவிப் பார்த்தேன். காயம் இல்லை, ஒரு பச்சைக் கறை மட்டும். முப்பத்துமூன்று வயதில் முதன்முறையாகப் பயமில்லாமல் விழுந்தேன். அன்று மாலைவரை வீண் பாய்ச்சலாக இன்னும் நாலைந்து முறை விழுந்தேன், ஒருவரும் தடுக்கவில்லை.

அதே புல் பந்தைத் தின்றுவிடும். நன்றாக அடித்த டிரைவ் எல்லைக்குப் பத்தடி முன்னால் நின்றுவிடுகிறது. நாலு ரன் என்று நிதானமாக நடந்த நான் இரண்டாவது ரன்னுக்கு ஓடி ரன் அவுட் ஆனேன். அதில் மொழிக்கும் பங்கு உண்டு. எதிர்முனையில் இருந்த பையன் அவசரத்தில் டச்சில் 'வாஹ்ட்' என்று கத்தினான். பொறு என்று அர்த்தம். அந்தச் சத்தம் என் காதில் 'வா' என்று விழுந்தது. என் வாழ்நாளில் 'வா' என்ற குரலுக்கு நான் ஓடாமல் இருந்ததில்லை. பாதி பிட்ச்சைத் தாண்டியபோது அவன் அசையாமல் கையைக் காட்டி நின்றிருந்தான்.

கிளப்பின் கேன்டீன் சுவரில் பழைய படங்கள் மாட்டியிருக்கும். மீசையும் தொப்பியுமாக வெள்ளை உடையில் அமர்ந்திருக்கும் மனிதர்கள். அந்தப் படங்களை வைத்துத்தான் ஸ்கோரர் எனக்கு இந்த நாட்டின் கிரிக்கெட்டைச் சொல்லிக்கொடுத்தார். டெவன்டர் நகரத்தில் 1875இல் ஒரு கிரிக்கெட் கிளப் தொடங்கிவிட்டார்கள். 1883இல் தேசியச் சங்கமே வந்துவிட்டது. ராட்டர்டாமின் ஸ்பார்ட்டா இன்று கால்பந்து கிளப்பாக உலகத்துக்குத் தெரியும். 1888இல் அது பிறந்தது கிரிக்கெட் கிளப்பாக. கார்ஸ்ட் போஸ்துமா என்ற டச்சுக்காரர் 1903இல், இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டபிள்யூ.ஜி. கிரேஸின் லண்டன் கவுன்டி அணிக்கே போய் ஆடியிருக்கிறார். 1964 ஆகஸ்டில் தி ஹேக் நகரத்துக்கு வந்த ஆஸ்திரேலிய அணியை மூன்று விக்கெட் வித்தியாசத்தில் இவர்கள் தோற்கடித்தார்கள். இவ்வளவு நீண்ட கதை இந்த ஆட்டத்துக்கு இங்கே உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நெதர்லாந்து என்றால் உலகக் கோப்பையில் பெரிய அணிகள் ரன் குவிப்பதற்காக அட்டவணையில் இருக்கும் ஒரு பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். 2003 உலகக் கோப்பையில், தென்னாப்பிரிக்காவின் பார்ல் நகரத்தில், நெதர்லாந்தின் டிம் டி லீட் சச்சினின் விக்கெட்டையும் திராவிட்டின் விக்கெட்டையும் எடுத்து, நம்மை 204 ரன்னில் சுருட்டியதைச் சிறுவனாக டி.வி.யில் பார்த்திருக்கிறேன். அன்று அவர்மேல் கோபம்தான் வந்தது. அந்த மனிதர் எந்த மாதிரி மைதானத்திலிருந்து கிளம்பி வந்தார் என்று யோசித்ததில்லை.

எங்கள் மைதானத்தின் மூன்று பக்கமும் வாய்க்கால். 'ஸ்லோட்' என்கிறார்கள். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலம் இது. நீரை ஓயாமல் வடித்துக்கொண்டே இருந்தால்தான் தரை தரையாக இருக்கும். ஆகவே எங்கே திரும்பினாலும் வாய்க்கால். சிக்ஸர் அடித்தால் பாதிக்குப் பாதி தண்ணீர்தான். அதற்கென்றே நாலு மீட்டர் நீளக் கம்பின் முனையில் வலை கட்டி, பெவிலியன் சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறார்கள். மீன் பிடிக்கிற வலையைப் போன்றது. முதல் முறை பந்து தண்ணீரில் விழுந்தபோது, ஆடிக்கொண்டிருந்த பதின்மூவரும் அப்படியே நின்றார்கள். யாரோ எடுத்து வருவார்கள் என்று நானும் நின்றேன். அந்தப் பக்க எல்லையோரம், லாங் ஆனில், இருந்தவன் நான்தான் என்பது கொஞ்சம் தாமதமாகவே உறைத்தது. போய்க் கம்பை எடுத்து வந்தேன். பச்சைப் பாசிக்கு நடுவில் சிவப்புப் பந்து பாதி முழுகி மிதந்துகொண்டிருந்தது. வலையை நேராகப் பந்தின் மேல் இறக்கினால் அது அமிழ்ந்து விலகிப் போகும். பந்துக்கு அப்பால் இறக்கி, அடியோடு வாரிக்கொண்டு வர வேண்டும். நாணல் ஓரத்தில் அமர்ந்திருந்த ஒரு வாத்துக் குடும்பம் எழுந்து தள்ளிப் போயிற்று. பந்தைத் துண்டால் துடைத்துப் பவுலரிடம் கொடுத்தேன். தண்ணீர் குடித்த தோல் பந்து கையில் ஒரு மாதிரிக் கனக்கும், தையல் உப்பிவிடும், பிறகு ஐந்தாறு ஓவருக்கு அது எதற்கும் ஆகாது. ஆனாலும் அதே பந்துதான். அதைக் குறை சொல்கிறவர் அங்கே யாரும் இல்லை.

சனிக்கிழமைகளில் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருந்து நான் பார்த்ததில்லை. அதிலும் பாதி, ஆடுகிறவர்களின் குடும்பம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கச் சாலையில் சைக்கிளில் போகிறவர்கள் சில நேரம் ஒரு காலை ஊன்றி நிற்பார்கள். "ஹாங்க்பாலா?" என்று கேட்பார்கள். ஹாங்க்பால் என்றால் பேஸ்பால். 2011இல் பேஸ்பால் உலகக் கோப்பையையே வென்ற நாடு, அதனால் அவர்களுக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இல்லை, கிரிக்கெட் என்றால் தலையசைத்துவிட்டுப் போவார்கள். நம் நாட்டில் கிரிக்கெட் என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்கும் ஒருவரை நான் சந்தித்ததே இல்லை.

ஜூலையில் நடுவர் முறை எனக்கு வந்தது. எங்கள் பிரிவில் தனி நடுவர்கள் கிடையாது. பேட் செய்யும் அணியிலிருந்தே இருவர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும். இது எனக்குப் பழக்கமான ஏற்பாடுதான். ஆனால் நான் பழகிய இடத்தில் அதற்கு எழுதாத ஒரு விதி உண்டு: சொந்த அணி ஆளுக்கு எல்பிடபிள்யூ, அதாவது ஸ்டம்புக்குப் போகும் பந்து காலில் பட்டதற்கான அவுட், கொடுப்பதில்லை. தெருவில் ஆடும்போது எல்பிடபிள்யூ என்பதே கிடையாது. அதனால் முறையீடு எழுந்தாலும் தலையை மறுபக்கம் திருப்பிக்கொள்வது எங்களுக்கு இயல்பு. பவுலரும் அதை எதிர்பார்த்தே கத்துவார்.

அன்று நான் நின்ற முனையிலிருந்து வீசியவர் உயரமான மித வேகப் பவுலர். எங்கள் கேப்டன் முப்பத்தெட்டு ரன்னில் ஆடிக்கொண்டிருந்தார். வெற்றிக்கு இன்னும் நாற்பது சொச்சம் வேண்டும். பந்து மிடில் ஸ்டம்புக்கு நேரே குத்தி, நேராகப் போய் முன்காலில் பட்டது. முழங்காலுக்குக் கீழே. சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது: மட்டையில் படாத, பஞ்சில் அடித்தது போன்ற ஒரு சத்தம். பவுலர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கத்தவில்லை, கேட்டார். அந்தக் கேள்வியில் சந்தேகமே இல்லை. நான் உண்மையைச் சொல்வேன் என்று எடுத்துக்கொண்டே கேட்டார். என் கை மேலே போயிற்று.

கேப்டன் ஒரு கணம் பார்த்துவிட்டு மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். அடுத்த ஆள் வரும்வரை நான் ஸ்டம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டுப் பையில் ஓவருக்கு ஆறு பந்து எண்ணுவதற்கான கூழாங்கற்கள் இருந்தன. அவற்றை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தேன். அந்த ஆட்டத்தில் பதினொரு ரன்னில் தோற்றோம். கேப்டன் என்னிடம் ஒரு மணி நேரம் பேசவில்லை. பிறகு கேன்டீனில் வந்து, "உயரமாக இருந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கோபம் என்மேல்தான்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த சனிக்கிழமை எதிரணியில் ஒரு பையன் தன் சொந்த அண்ணனுக்கு அவுட் கொடுத்தான். ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்துப் பேர்கூடப் பார்க்காத ஆட்டத்தில், யாருடைய பெயரும் செய்தித்தாளில் வராத ஆட்டத்தில், அந்த ஒரு பந்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் நினைப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். எங்கள் பழைய ஆட்டங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நான் தலையைத் திருப்பிக்கொண்ட எத்தனையோ பவுலர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

அதற்குச் சில வாரம் முன்பு, ஜூன் 17ஆம் தேதி, கிளப்பில் பத்துப் பேர் சைக்கிளில் கிளம்பி ஆம்ஸ்டெல்வீன் போனோம். இங்கிலாந்துடன் ஒருநாள் போட்டி. மைதானம் ஆம்ஸ்டர்டாம் காட்டுக்குள் இருக்கிறது. அதுவும் மனிதர் நட்டு வளர்த்த காடுதான். தலைக்கு மேலே ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள். அன்று இங்கிலாந்து 4 விக்கெட்டுக்கு 498 எடுத்தது, ஒருநாள் போட்டி வரலாற்றிலேயே அதிகம். 26 சிக்ஸர். பலவும் மரங்களுக்குள் போய் விழுந்தன. நெதர்லாந்துத் தேசிய அணியின் வீரர்கள், நாட்டுக்காக ஆடும் வீரர்கள், புதருக்குள் குனிந்து பந்தைத் தேடினார்கள். உலகம் அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையில் அந்த வலைக் கம்பின் கனம் இருந்தது. பந்து தொலைந்தால் அருகில் இருப்பவன் எடுக்க வேண்டும், இந்த நாட்டில் எந்த மட்டத்திலும் அதுதான் முறை. பக்கத்தில் இருந்த ஸ்கோரர், ஒவ்வொரு சிக்ஸரையும் தன் நோட்டில் ஒரே அளவு நிதானத்தோடு எழுதிக்கொண்டிருந்தார்.

நெதர்லாந்து அணியில் ஆடியவர்களின் வாழ்க்கையும் இதைப் போன்றதுதான். கொரோனா ஆண்டின் நவம்பரில், உலகக் கோப்பை இறுதிப் போட்டி நடந்திருக்க வேண்டிய நாளில், தான் வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருப்பதாக வேகப்பந்து வீச்சாளர் பால் வான் மீகெரன் எழுதியிருந்தார். டிம் டி லீடின் மகன் பாஸ், 2023 ஜூலையில் ஸ்காட்லாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட் எடுத்துச் சதமும் அடித்து, இந்தியாவில் நடந்த உலகக் கோப்பைக்குத் தன் நாட்டைக் கூட்டிப் போனார். விஜயவாடாவில் பிறந்த தேஜா நிடமனூரும் அந்த அணியில் இருந்தார்.

2023 அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. தரம்சாலாவில் தென்னாப்பிரிக்காவுடன் ஆட்டம். மழையால் தாமதமாகி 43 ஓவராகக் குறைத்திருந்தார்கள். நெதர்லாந்து 8 விக்கெட்டுக்கு 245 எடுத்திருந்தது. எங்களுக்கு சீசன் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மேட் சுருண்டு சாமான் அறைக்குப் போய்விட்டது. எட்டுப் பேரில் ஒருவனாக அதை நானும் தூக்கினேன், இந்த முறை ஈரம் ஊறி இன்னும் கனமாக இருந்தது. வேலை முடிந்து நேராகக் கேன்டீன் போனேன். ஆறேழு பேர் இருந்தார்கள். வெளியே விளக்கு வெளிச்சத்தில், எங்கள் பிட்ச் இருந்த இடத்தின் மேலேயே, சிறுவர்கள் கால்பந்துப் பயிற்சியில் இருந்தார்கள். உள்ளே டி.வி.யில் இமயமலை.

ஸ்கோரர் மூலை மேசையில் பெரிய ஸ்கோர் புத்தகத்தை விரித்து, டி.வி.யைப் பார்த்துப் பந்து பந்தாக எழுதிக்கொண்டிருந்தார். ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி. ஒரு ஓவரில் ஆறும் புள்ளியானால், ரன் கொடுக்காத 'மெய்டன்' ஓவர் என்பதற்காக, அவற்றைக் கோடால் இணைத்து 'எம்' ஆக்குவார். கறுப்புப் பென்சில் ஒரு பவுலருக்கு, நீலம் இன்னொருவருக்கு. நான் எதிரே அமர்ந்தேன். "நீங்கள் பவுலர்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பென்சிலை நகர்த்தி வைத்தார். அதற்குப் பிறகு டி.வி.யைப் பார்த்ததைவிடக் கட்டங்களைப் பார்த்ததே அதிகம்.

தென்னாப்பிரிக்காவின் கடைசி விக்கெட் கேசவ் மகாராஜ், 42.5 ஓவரில். கேன்டீனில் கத்தினார்கள், மேசையைத் தட்டினார்கள், கால்பந்துச் சிறுவர்களில் இருவர் கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஸ்கோரர் எழவில்லை. ஆட்டம் முடிந்தால் முதலில் கணக்கு முடிய வேண்டும். பேட்டர்களின் ரன்னையும் உதிரிகளையும் அவர் கூட்டினார். பவுலர்கள் கொடுத்ததை நான் கூட்டி, பை, லெக் பை சேர்த்தேன். முதல் முறை எனக்கு இரண்டு குறைந்தது. ஒரு வைடில் ஓடியதை விட்டிருந்தேன். மறுபடி கூட்டினேன்.

"207" என்றேன்.

"207" என்று தன் பக்கத்தின் அடியில் எழுதி, ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டார். அதன் பிறகுதான் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.